மூன்று விசிலுக்கு இரண்டு குறள்

மதுரைக்காரி:

பெரிய வேலையைத் துண்டு போட்டு முடித்த கதை யாரிடமாவது இருக்கிறதா? முதலில் என் கதை.

1330 குறளையும் ஒப்பிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பரிசு தருகிறது. மகள் அதற்குப் படிக்கப் போகிறேன் என்றாள். துணைக்கு நானும் உட்கார்ந்தேன். நாளுக்கு ஓர் அதிகாரம், 133 நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். பதினோராம் நாள் அவள் முதல் அதிகாரத்தைக் கேட்டாள். எனக்கு நான்கு குறள்தான் வந்தது. அவளுக்கு ஐந்து. அவள் அன்றோடு ஸ்கேட்டிங் பக்கம் போய்விட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. காலையில் குக்கர் வைத்தால் மூன்று விசில் வரும்வரை அடுப்படியை விட்டு நகர முடியாது. அந்த நேரத்துக்கு இரண்டு குறள் என்று வைத்துக்கொண்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை பத்து குறள், அதாவது ஓர் அதிகாரம். சனி, ஞாயிறு புதிதாக எதுவும் கிடையாது, பழசைச் சொல்லிப் பார்ப்பது மட்டும். இப்படிப் போனால் 133 வாரம், இரண்டரை வருஷம். வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடுவில் மாமியாருக்கு ஆபரேஷன் ஆகி நான்கு மாதம் புத்தகத்தையே தொடவில்லை. எந்த அதிகாரத்தில் நின்றேன் தெரியுமா? 61, மடியின்மை. சோம்பல் கூடாது என்று சொல்கிற அதிகாரம்! திரும்ப வந்தபோது எங்கே தொடங்குவது என்ற குழப்பம் மட்டும் இல்லை. அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த தாளில் 61-ஐச் சுற்றி வட்டம் போட்டிருந்தேன், அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தது.

ரொம்பப் படுத்தியது 79 முதல் 83 வரை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. ஐம்பது குறளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். அந்த ஐந்துக்கும் பத்து வாரம் எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒன்று என்று நான்தானே வைத்தேன், மாற்றினால் யார் கேட்கப் போகிறார்கள்?

முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது எண்ணைச் சொன்னால் குறளைச் சொல்வேன். இது பெரிய வித்தை இல்லை. 788 என்றால் கடைசி எட்டைத் தள்ளிவிட்டு 78-உடன் ஒன்று கூட்டுங்கள். 79, நட்பு. அதில் எட்டாவது குறள், உடுக்கை இழந்தவன் கை. எண் பூஜ்யத்தில் முடிந்தால் மட்டும் கூட்டக் கூடாது, அது அந்த அதிகாரத்தின் பத்தாவது குறள்.

வேலூர்க்காரன்:

அக்கா, என் கதை ஒரே ராத்திரிக் கதை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கிரிவலம் போயே தீருவேன் என்று பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில். பாதியில் ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்பது என் ரகசியத் திட்டம்.

அம்மா ஒரு தடவைகூட இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை. "அக்னி லிங்கம் வரைக்கும் போவோம்டா" என்பார். அங்கே போனதும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். அப்புறம் "எம லிங்கம் வரைக்கும்" என்பார். வழியில் எட்டு லிங்கம். இடைவெளி எல்லாம் ஒரே அளவில் இல்லை, சில இடத்தில் நடந்துகொண்டே இருக்கிறோம், அடுத்தது வரவே மாட்டேன் என்கிறது. அப்போதெல்லாம் அம்மா துண்டை இன்னும் சின்னதாக்கிவிடுவார். "அந்தச் சுக்குக் காபிக் கடை வரைக்கும்." எட்டாவதான ஈசானிய லிங்கத்துக்கு வந்தபோது விடியப் போகிறது. நான்தான் கால் வலிக்கிறது என்று திண்ணையில் சாய்ந்தேன்.

சேலத்துக்காரன்:

எல்லோரும் ஜெயித்த கதையாகச் சொல்கிறீர்கள், நான் தோற்றதைச் சொல்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு வேலைப் பரீட்சை குரூப் 4-க்குப் படித்தேன். 200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். கேள்வியில் பாதி தமிழ். பாடத்திட்டத்தை எடுத்து 180 துண்டாக்கினேன். தமிழுக்குப் பச்சை, பொது அறிவுக்கு நீலம், கணக்குக்குச் சிவப்பு ஸ்கெட்ச் பேனா. சார்ட் அட்டையில் கட்டம் போடவே ஒன்பது நாள். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மூன்றாம் நாள் ஒரு கட்டம் விட்டுப்போனது. உடனே எல்லாத் தேதியையும் மாற்றி அட்டவணையைப் புதிதாக எழுதினேன். இப்படி நான்கு தடவை. துண்டு போடுவதே படித்த மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துவிடுகிறது, அதுதான் வினை. கட்டம் ஒவ்வொன்றும் நான் ரொம்பச் சுறுசுறுப்பாக இருக்கும் நாளுக்குப் போட்ட கட்டம் என்பது மதுரை அக்காவின் குக்கர் கணக்கைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. காய்ச்சல் வந்த நாளிலும் முடிக்கக்கூடிய கட்டம் அதில் ஒன்றுகூட இல்லை. பரீட்சையில் கணக்குப் பகுதியில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த தடவையும் எழுதத்தான் போகிறேன்.

மதுரைக்காரி:

வேலூர்த் தம்பி, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சேலத்துத் தம்பி, எனக்கும் காய்ச்சல் நாள் இருந்தது. அன்றைக்கு ஒரே ஒரு குறள், அதுவும் ஏற்கெனவே தெரிந்த குறள்தான். அந்தச் சார்ட் அட்டையைக் கிழித்துவிடாதீர்கள். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கும்? தினமும் இரண்டு கணக்கை அதில் போட்டுப் பாருங்கள்.