'பலாட்சோ' என்ற சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இத்தாலியக் கட்டடக்கலை பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன்; அதில் பலமுறை வரும் 'பலாட்சோ' என்ற சொல்லுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்க உங்கள் உதவி தேவைப்படுகிறது.

ரோம் நகரின் ஏழு குன்றுகளுள் ஒன்றான பாலட்டைன் குன்றின் இலத்தீன் பெயர் 'பலாட்டியம்'. அகஸ்டஸும் அவருக்குப் பின்வந்த பேரரசர்களும் அங்கே வாழ்ந்ததால், குன்றின் பெயரே மன்னர் உறைவிடத்துக்கும் பெயராயிற்று. இத்தாலிய மொழியில் 'பலாட்சோ' என்றும், பிரெஞ்சில் 'பலே' என்றும், ஆங்கிலத்தில் 'பேலஸ்' என்றும் வழங்குபவை அதிலிருந்து கிளைத்தவையே.

ஆனால் 'அரண்மனை' என்று எழுத மனம் ஒப்பவில்லை. புளோரன்ஸில் 1444இல் மிக்கெலோட்சோவின் வடிவமைப்பில் கட்டத் தொடங்கிய மெதிச்சி பலாட்சோ, வங்கித் தொழில் நடத்திய ஒரு வணிகக் குடும்பத்தின் வீடு. அதே நகரின் வெக்கியோ பலாட்சோ ஆட்சிமன்றக் கட்டடமாக எழுந்தது. இன்றைய பேச்சிலோ சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பும் 'பலாட்சோ'தான். வெனிஸில் பிரபுக்களின் மாளிகைகளைக்கூட வீடு என்று பொருள்படும் 'கா' என்றே அழைத்தனர். அங்குள்ள 'கா தோரோ' என்னும் மாளிகை அதற்குச் சான்று.

'மாளிகை' என் முதல் தேர்வு. எனினும் ஆட்சிமன்றக் கட்டடத்துக்கு அது பொருந்துமா? இடத்துக்கேற்ப வெவ்வேறு சொற்களை ஆளலாமா, அல்லது 'பலாட்சோ' என்றே எழுதி முதன்முதலில் வரும் இடத்தில் விளக்கம் தரலாமா? மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் காரணத்துடன் தங்கள் கருத்தைக் கூறினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.