அப்பாவின் மாத்திரைப் பட்டியல் எல்லா மருத்துவமனைக்கும் தெரிய வேண்டுமா?

கரூர்_செல்வி:
போன மாதம் விடிகாலை ஐந்து மணிக்கு அப்பாவை எழுப்பப் போனால் உடம்பெல்லாம் வேர்த்து நனைந்து கிடக்கிறார், கூப்பிட்டால் வாய் குழறுகிறது. பக்கவாதம் என்றே பயந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 38க்கு இறங்கிக் கிடக்கிறது. எங்கள் ஊர் டாக்டர் வருடக்கணக்காகக் கொடுக்கும் சுகர் மாத்திரையில் கிளிமெபிரைடு என்ற, சர்க்கரையைக் குறைக்கும் மருந்து இருக்கிறது. குடலிறக்க ஆபரேஷன் செய்த இடத்தில் டிஸ்சார்ஜ் ஆகும்போது வேறு கம்பெனி மாத்திரை எழுதினார்கள், அதிலும் அதே கிளிமெபிரைடு. பெயர் வேறு, அட்டை நிறம் வேறு, அப்பா இரண்டையும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மருத்துவப் பதிவுகளை இணைக்க மத்திய அரசு கொடுக்கும் 14 இலக்க ஆபா எண் அப்பாவிடம் இருக்கிறது, ஆனால் ஓபி சீட்டு போட மட்டுமே அதைக் கேட்டார்கள். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை எந்த மருத்துவமனையும் பார்க்கும்படி கட்டாயமாக்க வேண்டும்.

குமரன்82:
அப்பா இப்போது தேறிவிட்டாரா? நீங்கள் பட்ட பயம் புரிகிறது. ஆனாலும் கட்டாயம் என்பதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தாள். சிகிச்சை எடுத்த இடத்தில் வேலை பார்த்த ஒருவர் வழியாக அது வெளியே போய், பேசி முடித்த கல்யாணம் நின்றது. ஒரு ஊரில், ஒரு ஃபைலில் இருந்ததற்கே இப்படி. 2018ல் சிங்கப்பூரில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடு போனது, அதில் சுமார் 1.6 லட்சம் பேரின் மருந்து விவரமும் சேர்ந்து போனது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளே தாக்கப்பட்டு நாள்கணக்கில் கையால் எழுதினார்கள். அவர்களாலேயே காக்க முடியாததை யார் காப்பது?

சிங்கை_மலர்:
குமரன் அண்ணா, நான் சிங்கப்பூரில் நர்ஸ். நீங்கள் சொன்ன எண்கள் சரி, ஆனால் அன்று திருடு போனது ஒரு மருத்துவக் குழுமத்தின் சொந்தத் தரவுத்தளம். மருத்துவமனைகள் நோயாளி விவரத்தைப் பகிர்ந்துகொள்ள 2011லிருந்து இருக்கும் தேசியப் பதிவேடு அல்ல. அந்தத் திருட்டுக்குப் பிறகு, தனியார் கிளினிக்குகளும் பதிவேட்டில் விவரம் சேர்க்க வேண்டும் என்ற திட்டத்தை அரசு தள்ளிப்போட்டது. இந்தியாவின் ஆபா முறையிலும் எல்லாம் ஒரே இடத்தில் குவிவதில்லை. பதிவு அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், நோயாளி போனில் சம்மதம் கொடுத்தால்தான் மற்றவர் பார்க்கலாம்.

கரூர்_செல்வி:
அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது மலர். வாய் குழறிக் கிடக்கிற மனிதர் எந்த போனில் சம்மதம் கொடுப்பார்?

திண்டுக்கல்_மருந்தாளுநர்:
22 வருடமாகக் கடையில் நிற்கிறேன். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016லேயே டாக்டர்களுக்கு விதி வந்தாயிற்று, என் கைக்கு வரும் சீட்டில் பாதிக்கு மேல் இன்னும் கம்பெனிப் பெயர்தான். அப்புறம் இன்னொன்று. முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் கேட்டு வருகிறவர் சீட்டு கொண்டுவருவதில்லை, காலி அட்டையைத்தான் நீட்டுகிறார். அவரே இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவராக இருந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். அந்த டைக்ளோஃபினாக் எந்தக் கணினியிலும் ஏறாது. நாட்டு மருந்தும் ஏறாது. கடைகளைச் சேர்க்காமல் ஆஸ்பத்திரிகளை மட்டும் இணைத்தால் பாதிக் கதைதான் தெரியும், ஆனால் பார்க்கிற டாக்டர் முழுக்கதை என்று நம்பிவிடுவார்.

பிஎச்சி_டாக்டர்:
மருந்தாளுநர் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பதிவேட்டில் இருப்பது எழுதிய மாத்திரை, விழுங்கிய மாத்திரை அல்ல. மூன்று வருடம் முன்பு நிறுத்திய பிரஷர் மாத்திரை பட்டியலில் அப்படியே கிடக்கும், அதைப் பார்த்து இன்னொருவர் மறுபடி எழுதுவார். சேர்க்க எல்லாரும் இருக்கிறோம், பழையதை அடித்து நீக்க ஆள் இல்லை. ஓபியில் ஒரு நோயாளிக்கு எனக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். இந்த மருந்தோடு அது ஒத்துவராது என்ற கணினி எச்சரிக்கை எதற்கெடுத்தாலும் வந்தால், படிக்காமலே தள்ளிவிடப் பழகிவிடுவோம். இது உலகம் முழுக்க ஆய்வுகளில் பார்த்த விஷயம். ஆனாலும் செல்வி பக்கம்தான் நான். இங்கிலாந்தில் முழு வரலாற்றையும் திறக்காமல், மருந்து, அலர்ஜி, முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற சுருக்கத்தைப் பகிர்வதை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். நாமும் அதிலிருந்து தொடங்கலாம்.

குமரன்82:
டாக்டர், மருந்தைக் காட்டினால் நோயைக் காட்டியதுதானே? லித்தியம் என்று பார்த்தால் மனநலச் சிகிச்சை என்று உங்களுக்கே புரியும். டோலுடெக்ராவிர் என்றால் எச்ஐவி. பதிவுக் கவுண்டரில் இருப்பவர்கூட கூகுளில் போட்டுப் பார்த்துவிடலாம். குறைந்தபட்சம் இவற்றை மறைக்கும் உரிமை வேண்டும்.

பிஎச்சி_டாக்டர்:
மறைக்க நினைக்கிற மருந்துதான் பல சமயம் ஆபத்தானது, இதுதான் சங்கடம். டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும், அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். லித்தியம் எடுப்பவருக்குச் சாதாரண வலி மாத்திரையே லித்தியத்தை நச்சளவுக்குக் கொண்டுபோகலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வார்ஃபரினையும் கருத்தடை மாத்திரையையும் வேலை செய்யவிடாது. பெயரை மறைத்து "ஏதோ ஒன்று ஒத்துவராது" என்று மட்டும் கணினி சொன்னால் நான் எந்த மாத்திரையை மாற்றுவது?

குமரன்82:
இதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இதை எப்படிச் சொல்வேன்? அவள் இப்போது பல் டாக்டரிடம்கூட மாத்திரையைச் சொல்வதில்லை. வெளியே போய்விடும் என்ற பயம் இருந்தால் மக்கள் மருந்தையே எழுதவிடாமல் கடையில் வாங்கிக்கொள்வார்கள். அப்போது உங்கள் பட்டியலில் என்ன இருக்கும்? எஸ்டோனியாவில் தன் பதிவை யார் திறந்தார்கள் என்பதை நோயாளியே பார்க்கலாம், வேண்டாதவருக்கு மூடவும் செய்யலாம். அதைச் செய்யுங்கள். காரணமில்லாமல் திறந்தவருக்கு வேலை போகட்டும், அப்புறம் நானே அவளிடம் பேசுகிறேன்.

கரூர்_செல்வி:
அப்பா தேறிவிட்டார் குமரன், நன்றி. கட்டாயம் என்று நான் எழுதியது கோபத்தில்தான், யார் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும் என்பது நியாயம். ஆனால் நினைவில்லாமல் வருகிறவருக்கு சம்மதம் கேட்காமல் திறந்து, பிறகு குடும்பத்துக்குத் தகவல் சொல்லும் வழி இருந்தே ஆக வேண்டும், அதில் நான் இறங்கிவர மாட்டேன். மருந்தாளுநர் சார், அப்பாவின் எல்லா அட்டைகளையும் ஒரு டப்பாவில் போட்டு எங்கள் தெருக் கடையில் கொட்டிக் காட்டினால் பார்த்துச் சொல்வார்களா? எந்த நேரத்தில் போனால் நல்லது?

திண்டுக்கல்_மருந்தாளுநர்:
மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் போங்கள் அம்மா, கூட்டம் இருக்காது. நிறுத்தச் சொன்ன பழைய அட்டைகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.