மழைக்காலத்தில் கோத்தகிரியிலிருந்து வேலை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். நவம்பர் கடைசியில் பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை. நீலகிரி மலையில் கோத்தகிரியிலோ குன்னூரிலோ சில வாரம் தங்கி, அங்கிருந்தே அலுவலக வேலையைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மேலாளர் சரி சொல்லிவிட்டார். இந்தியக் கடவுச்சீட்டுதான், அதனால் விசாக் கவலை இல்லை.

ஆனால் அது வடகிழக்குப் பருவமழை நேரம். நீலகிரியின் மேற்கே இருக்கும் கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் நனையும். கிழக்குச் சரிவில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் மலை ரயில் நின்றுவிடும், சாலையும் அடைபடலாம். அது பரவாயில்லை, நான் ஊர் சுற்றப் போகவில்லை. கரண்டும் இணையமும்தான் கவலை.

சிங்கப்பூரில் காலை 9 மணிக் கூட்டம் என்றால் அங்கே 6.30. குல்லாவோடு கேமரா முன்னால் உட்காரத் தயார், ஆனால் லைன் இருக்க வேண்டுமே! விடுதிக்காரர்கள் எல்லாரும் "வைஃபை இருக்கு சார்" என்கிறார்கள். ரௌட்டர் இன்வெர்ட்டரில் ஓடுமா என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது.

மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் சரிசெய்ய எத்தனை நாள் ஆகும்? மாற்றுக்கு ஏர்டெல், ஜியோ இரண்டில் எது அங்கே நன்றாக எடுக்கும்? அப்புறம், கோவை விமான நிலையத்திலிருந்து டாக்சியில் போனால், வண்டி நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸை ஓட்டுநரே எடுத்துவிடுவாரா?

நவம்பரில் அங்கே தங்கி வேலை பார்த்தவர்கள் இடத்தின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பினாலும் போதும். கொடைக்கானல் போ என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கேயும் இதே மழைதான்.