வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு முதலில் எந்த மின்கருவி வாங்குவது?

கேள்வி: தென்காசி வாசகர்

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டை ஒட்டியுள்ள 12 அடி நீளம், 10 அடி அகலக் கார் ஷெட்டைத் தச்சு வேலைக்காக ஒதுக்கியிருக்கிறேன். உளி, இழைப்புளி, கைரம்பம் ஆகியவற்றில் ஓரளவு பழக்கம் உண்டு. மின்கருவி என்று பார்த்தால், சுவரில் துளையிடும் டிரில் ஒன்று மட்டுமே இருக்கிறது. முதலில் பிளைவுட்டில் புத்தக அலமாரியும் சமையலறைக் கப்போர்டும் செய்ய வேண்டும். பிறகு, பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த தேக்குக் கதவுப் பலகைகளைக் கொண்டு ஒரு சாப்பாட்டு மேசை செய்ய ஆசை. கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. மேசையின் நடுவில் பிளேடு நீட்டி நிற்கும் டேபிள் சாதான் பட்டறைக்கு அடிப்படை என்று கடையில் சொல்கிறார்கள். அதையே முதலில் வாங்கிவிடலாமா?

பதில் 1: மரவேலை ஆர்வலர்

இப்போது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எட்டுக்கு நான்கு அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்று 30 கிலோ அளவில் எடை இருக்கும். அதை டேபிள் சாவில் நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால் பிளேடுக்கு முன்னால் எட்டடியும் பின்னால் எட்டடியும் இடம் வேண்டும். உங்கள் ஷெட்டின் மொத்த நீளமே பன்னிரண்டு அடிதான். இடம் சிறியதாக இருக்கும்போது பலகை அசையாமல் கிடக்க, கருவி அதன்மேல் நகர்வதே சரியான முறை.

ஆகவே முதலில் 184 மி.மீ. பிளேடு கொண்ட சர்க்குலர் சா (கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம்) வாங்குங்கள். கூடவே வரும் பிளேடு பெரும்பாலும் 24 பல் கொண்டதாக இருக்கும். மரத்தை நார்ப்போக்கில் அறுக்க அது நல்லது, ஆனால் பிளைவுட்டின் மேல்தோலைப் பிய்த்துவிடும். 40 முதல் 60 பல் வரை உள்ள பிளேடு ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பற்கள் கீழிருந்து மேல்நோக்கி அறுப்பதால் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும்.

நேராக அறுப்பதற்கான வழிகாட்டியை நீங்களே செய்துகொள்ளலாம். எட்டடி நீள 9 மி.மீ. பிளைவுட் பட்டையின் மேல், நேரான விளிம்புள்ள இன்னொரு குறுகிய பட்டையை ஒட்டித் திருகுங்கள். அந்த விளிம்பில் சாவின் அடித்தகட்டை அணைத்து ஒருமுறை ஓட்டினால், கீழ்ப்பட்டையில் மிகுதியாக இருப்பது அறுந்து விழும். மிஞ்சும் ஓரம் அந்தச் சாவும் அந்தப் பிளேடும் அறுக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். இனி அந்த ஓரத்தைப் பென்சில் கோட்டில் வைத்துக் கிளாம்ப் போட்டு அறுத்தால் போதும். பிளைவுட்டைத் தரையில் தடித்த தெர்மாகோல் பலகைமேல் கிடத்தி, பிளேடு பிளைவுட்டைத் தாண்டி நான்கைந்து மி.மீ. மட்டும் இறங்குமாறு ஆழத்தை வையுங்கள். அறுபட்ட துண்டு சரியாது, பிளேடையும் கவ்வாது.

அடுத்து டிரிம்மர் ரூட்டர், அதாவது வேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் சிறு கைக்கருவி. அலமாரித் தட்டுகளுக்குக் காடி (தட்டு பொருந்தும் பள்ளம்) எடுப்பது, மைக்காவின் ஓரத்தைச் சீவுவது எல்லாம் இதன் வேலை. 6 மி.மீ. பிட், கால் அங்குல பிட் ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. மெல்லிய பிட்டைப் பெரிய காலெட்டில் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால், நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று வேகத்தில் அது நழுவி வெளியே வரக்கூடும். ஆகவே காலெட்டின் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

திருகு முடுக்க உங்கள் சுவர் டிரில் சரிப்படாது. முடுக்கும் விசையை மட்டுப்படுத்தும் கிளட்ச் வளையம் உள்ள பேட்டரி டிரைவர் ஒன்று வேண்டும். மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் 125 மி.மீ. ஆர்பிட்டல் சாண்டரையும் சேர்த்துக்கொள்ளலாம். மீதிப் பணம் முழுவதையும் கிளாம்புகளுக்கு ஒதுக்குங்கள்.

பதில் 2: தேக்கு வேலைக்காரர்

பிளைவுட்டைப் பொறுத்தவரை மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தேக்குப் பலகைகளின் கதை வேறு. பழைய கதவில் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணிகள் கட்டாயம் இருக்கும். வலுவான காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் பிடுங்கிய பிறகே கருவியை வையுங்கள்.

கையால் ஓட்டும் 82 மி.மீ. எலக்ட்ரிக் பிளேனர் பழைய வார்னிஷையும் முண்டுகளையும் சீவித் தரும். ஆனால் பலகையின் இரு முகங்களையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவர அதனால் முடியாது. அந்த ஒரு வேலைக்காகத் திக்னெஸ் பிளேனர் வாங்குவது வீண் செலவு. ஆணி நீக்கிய பலகைகளை அருகிலுள்ள மரவாடிக்குக் கொண்டுபோனால் கூலிக்கு இழைத்துத் தருவார்கள். மேசை, நாற்காலி என்று திடமர வேலை தொடருமானால், ஒரே அகலத்தில் பல சட்டங்கள் அறுக்க டேபிள் சா உண்மையிலேயே உதவும். அப்போதும் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் இல்லாத மலிவான மாடலைத் தொடாதீர்கள். அறுத்த இடைவெளி மூடிப் பிளேடைக் கவ்வும்போது, மரம் ஆளின் மேல் பாய்வதைத் தடுப்பது அந்தத் தகடுதான்.

தென்காசி வாசகர்

மிக்க நன்றி. எங்கள் ஊர் ஆசாரி மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டே எல்லா பிளைவுட்டையும் அறுக்கிறார். விலையும் குறைவு. அது போதாதா?

பதில் 3: மரவேலை ஆர்வலர்

அவருடைய கைப்பழக்கம் வேறு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சர்க்குலர் சாவின் கீழ்மூடி, வெட்டு முடிந்தவுடன் ஸ்பிரிங் விசையால் தானே திரும்பிப் பிளேடை மூடிவிடும். மார்பிள் கட்டரில் அந்த மூடி இல்லை. கருவியைத் தூக்கிய பிறகும் சுழலும் பற்கள் திறந்தே இருக்கும். அதன் 110 மி.மீ. பிளேடு ஏறத்தாழ 34 மி.மீ. ஆழம்தான் இறங்கும் என்பதால், தடித்த தேக்குச் சட்டத்துக்கும் உதவாது. ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடு மாட்டுவது இதைவிடவும் ஆபத்து. அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பதில் 4: மின்பணியாளர்

கருவி வாங்குவதற்கு முன் ஷெட்டின் வயரிங்கைப் பாருங்கள். 1400 வாட் சா ஒன்று 230 வோல்ட்டில் ஓடும்போதே ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். சுவிட்சை அழுத்தும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. எனவே 2.5 சதுர மி.மீ. வயரில் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். சுருள் எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்தினால், வயரை முழுவதும் வெளியே இழுத்துவிட வேண்டும். சுருட்டியபடியே இருந்தால் உள்ளே சூடேறி உருகும்.

தூசியையும் மறக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995இல் சேர்த்தது. சாண்டரில் வரும் துணிப்பை நுண்தூளைப் பிடிக்காது. வேக்குவம் குழாயை இணைத்து, என்95 முகக்கவசமும் அணிந்து, ஷெட்டின் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.