முக்கோண அணியின் நேர்மாறு: 1, 3, 16, 125-க்குப் பதில் 1, −1, 4, −27 வருவது ஏன்?

நிரைநிரல் (குவாட்டர் போர்ன், மொரீஷியஸ்) கேட்டது:

வணக்கம். நிரை எண் ந, நிரல் எண் க, இரண்டும் 1-இலிருந்து தொடங்குகின்றன. சே(ந, க) என்பது ந பொருள்களிலிருந்து க பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை. சே(ந, க) × க^(ந−க) என்ற உறுப்புகளைக் கொண்டு கீழ் முக்கோண அணி ஒன்று அமைத்தேன்:

1
2, 1
3, 6, 1
4, 24, 12, 1

நிரைக் கூடுதல்கள் 1, 3, 10, 41. இதை நேர்மாறாக்கினால் (இதனுடன் பெருக்கினால் மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0 கொண்ட அலகு அணியைத் தரும் அணியைக் கண்டால்) எண்ணிட்ட வேர்மரக் காடுகளின் எண்ணிக்கை கிடைக்கும் (மரம் என்பது எண்ணிட்ட முனைகளைச் சுற்று இல்லாமல் கோடுகளால் இணைத்தது, அதில் ஒரு முனை வேர்; பல மரங்கள் சேர்ந்தது காடு), அதன் நிரைக் கூடுதல்கள் 1, 3, 16, 125 என்று படித்தேன். எக்செல் தருவதோ 1, −1, 4, −27, 256. இதுவும் ஒழுங்கான தொடர்வரிசையாகவே தெரிகிறது. தவிர, 15-ஆம் நிரையிலிருந்து பெரிய எண்களின் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடுகின்றன. 0-ஆம் நிரையையும் சேர்த்தால் முதல் கட்டத்திலேயே பிழைச்செய்தி. காரணம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

வேர்முனை பதில்:

உங்கள் கணக்கு சரிதான், அணிதான் வேறு. காடுகளைத் தருவது சே(ந, க) × (−க)^(ந−க). அதன் 4-ஆம் நிரை −4, 24, −12, 1. அதை நேர்மாறாக்குங்கள்:

1
2, 1
9, 6, 1
64, 48, 12, 1

இதன் உறுப்பு சே(ந−1, க−1) × ந^(ந−க). ந முனைகளில் க வேர்மரங்கள் கொண்ட காடுகளின் எண்ணிக்கை அது. உங்களுக்குக் கிடைத்த அணியிலும் இதே எண்கள்தான் இருக்கும், (−1)^(ந−க) என்ற குறி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈருறுப்புத் தேற்றப்படி கூட்டினால் இங்கே (ந+1)^(ந−1), அங்கே (1−ந)^(ந−1). அதனால்தான் −27-உம் 256-உம் அவ்வளவு ஒழுங்காக வந்தன. மறுபடி நேர்மாறு காண வேண்டாம். ந−க ஒற்றையாக உள்ள கட்டங்களின் குறியை மாற்றினால் போதும்.

கழித்தல் குறி ஏன் தேவை என்பதுதான் இதில் அழகான இடம். காடுகளின் அணியைக் குறியுள்ள அணியால் பெருக்கிப் பாருங்கள். ஜ மரங்கள் கொண்ட காடு ஒன்றில் க மரங்களை முதன்மை மரங்களாகத் தேர்கிறோம். மீதி ஜ−க மரங்கள் ஒவ்வொன்றையும் ஏதாவதொரு முதன்மை மரத்துடன் சேர்க்கிறோம். (−க)^(ஜ−க) எண்ணுவது இதைத்தான். சேர்ப்பதை, துணைமரத்தின் வேரிலிருந்து முதன்மை மரத்தின் வேருக்குச் சிவப்புக் கோடு போடுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆக, நம் கையில் இருப்பது க மரங்கள் கொண்ட காடு. வேரைத் தொடும் கோடுகளில் சில சிவப்பு, சில கருப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு கழித்தல் குறி.

இனி, பிள்ளையுள்ள (கோட்டால் நேரடியாக இணைந்த முனையுள்ள) வேர்களில் மிகச் சிறிய எண்ணுடையதை எடுத்து, அதன் பிள்ளைகளில் மிகச் சிறிய எண்ணுடையதற்குச் செல்லும் கோட்டின் நிறத்தை மாற்றுங்கள். குறி புரளும். மீண்டும் மாற்றினால் பழைய நிலைக்கே திரும்பும். ஆகவே எல்லாம் இரண்டிரண்டாக அடிபட்டுப்போகும். மிஞ்சுவது கோடே இல்லாத காடு, அதாவது ந = க. பெருக்கல் பலன் அலகு அணி. ந = 3, க = 1-க்குச் சரிபார்த்தால் 9 − 12 + 3 = 0.

நேர்க்குறி அணியும் வீணானதல்ல. உயரம் ஒன்றுக்கு மிகாத காடுகளை, அதாவது வேரல்லாத ஒவ்வொரு முனையும் வேருடன் நேரடியாக இணைந்தவற்றை, அது எண்ணுகிறது. முழு எண் தொடர்வரிசைக் கலைக்களஞ்சியத்தில் அதன் நிரைக் கூடுதல் ஏ000248, உங்களுக்கு வேண்டியது ஏ000272. இரண்டிலும் 1, 3 அடுத்தடுத்து வருவதால், தேடும்போது நான்கு உறுப்புகளாவது கொடுங்கள்.

முழுஎண் பதில்:

பூச்சியங்களைப் பற்றி. எக்செல் காட்டுவது 15 இலக்கங்கள் மட்டுமே. முதல் நிரலின் உறுப்பு ந^(ந−1). 14^13 = 793714773254144 சரியாக 15 இலக்கம், அதனால் தப்பிக்கிறது. 15^14 = 29192926025390625 என்பது 17 இலக்கம்; திரையில் கடைசி இரண்டும் பூச்சியமாகும். எக்செல் முழு எண்களை விடாமல் துல்லியமாக வைத்திருக்கும் எல்லை 2^53; அது அதையும் தாண்டிய ஒற்றை எண், ஆகவே உள்ளே இருக்கும் மதிப்பே துல்லியமாக இருக்காது.

பைத்தானுக்கு மாறினாலும் நம்பை என்ற கணித நூலகத்தின் நேர்மாறுச் சார்பைத் தொடாதீர்கள், அதுவும் தசம எண்களில்தான் கணக்கிடும். 64 பிட் முழு எண்ணாக வைத்தால் 16-ஆம் நிரை வரை சரியாக வரும். 17^16 அடங்காது, எச்சரிக்கையும் இல்லாமல் தவறான எண் வந்து நிற்கும். (இடைக்கணக்கு எல்லை தாண்டிச் சுற்றிவந்தாலும் இறுதி விடை எல்லைக்குள் இருந்தால் கெடாது. கூட்டல், கழித்தல், பெருக்கல் மட்டும் செய்வதன் நன்மை இது.)

மூலைவிட்டம் முழுக்க 1 என்பதால் வகுத்தலே வேண்டாம். பைத்தானின் சாதாரண முழு எண்களை வைத்து மேலிருந்து கீழாக நிரப்புங்கள்: நேர்மாறின் (ந, க) உறுப்பைப் பெற, க முதல் ந−1 வரை ஒவ்வொரு ஜ-வுக்கும் மூல அணியின் (ந, ஜ) உறுப்பை நேர்மாறின் (ஜ, க) உறுப்பால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றுங்கள். 4-ஆம் நிரை, முதல் நிரல்: −(−4×1 + 24×2 − 12×9) = 64.

0-ஆம் நிரையில் 0^0 வருகிறது. எக்செலுக்கு அது பிழை, பைத்தானுக்கு 1. இங்கே 1-தான் வேண்டும், வெற்றுக்காடு ஒன்றே ஒன்று. அந்தக் கட்டத்தில் கையால் 1 இடுங்கள்.

நிரைநிரல்:

நன்றி ஐயா, இருவருக்கும். வேர் இல்லாத மரங்கள் மட்டும் வேண்டுமென்றால்?

வேர்முனை:

இரண்டு வழி. முதல் நிரலை ந-ஆல் வகுத்தால் ந^(ந−2). கணிதவியலர் கேய்லி 1889-இல் எழுதியது இதையே, போர்ஷார்ட் அதற்கு முன்பே 1860-இல் கண்டிருந்தார். இல்லையென்றால் புதிய முனை ஒன்றைச் சேர்த்து எல்லா வேர்களையும் அதனுடன் இணையுங்கள்: ந முனைக் காடு ஒவ்வொன்றும் ந+1 முனை மரமாகிறது. எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும், நிரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் கிடைக்கிறது.

நம் நாட்டின் ஐந்து நகராட்சிகளையே எடுங்கள்: போர்ட் லூயிஸ், போ பாசேன்–ரோஸ்ஹில், குவாட்டர் போர்ன், வாக்வா–பீனிக்ஸ், கியூர்பிப். போர்ட் லூயிஸ்தான் புதிய முனை. 125 மரங்களில் போர்ட் லூயிஸிலிருந்து ஒரே கோடு புறப்படுபவை 64, இரண்டு புறப்படுபவை 48, மூன்று 12, நான்கு 1. கியூர்பிப் போகும் மெட்ரோவின் முதன்மைப் பாதை அந்த 64-இல் ஒன்று. உருவப்படி பிரித்தால் நேர்பாதை 60, நட்சத்திரம் 5, ஒரு முனையில் மட்டும் மூன்று கோடுகள் சேர்பவை 60.