எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது?

இழையைத் தொடங்கியவர்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. பிப்ரவரியில் என் கணவர் பணி ஓய்வு பெற்றார். மே மாதத்தில் மகளின் திருமணம் நடந்தது. ஜூலையில் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தாள். செப்டம்பரில், 34 ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விட்டு, மாடிப்படி இல்லாத சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். நவம்பரில் மகளும் மருமகனும் வேலையின் பொருட்டுத் தொலைதூரம் சென்றார்கள். இவை அனைத்துக்கும் படங்கள் இருக்கின்றன. ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கைகொடுத்தது, திருமணச் செலவு எழுதுவதற்காக வாங்கிய ஒரு சிறு நோட்டுதான். அதைப் பற்றிச் சொல்லவும், உங்கள் அனுபவங்களைக் கேட்கவும் இதை எழுதுகிறேன்.

நோட்டின் முன்பக்கத்திலிருந்து செலவுக் கணக்கு எழுதிவந்தேன். ஜனவரி இறுதியில் ஓர் இரவு, அன்று யாரிடம் எதை ஒப்படைத்தோம் என்பதே குழம்பிப்போனதால், நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து அன்று நடந்ததை இரண்டு வரியில் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். அதன்பின் அது பழக்கமாயிற்று. நிறைய எழுத வேண்டும் என்ற எண்ணத்தோடு நான் முன்பு தொடங்கிய நாட்குறிப்புகள் எல்லாம் சில வாரங்களில் நின்றுபோனவை என்பதால், இம்முறை மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். தேதி, யார், என்ன நடந்தது ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் எழுதி, பக்கத்தில் ‘மறுநாள் எழுதியது’ என்று குறித்தேன். அன்றே எழுதியதையும் பின்னால் யோசித்து எழுதியதையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்று ஏனோ அப்போதே தோன்றியது.

எங்களோடு வாழும் என் மாமியாருக்கு வயது 81. இந்த ஆண்டு ஜனவரியில், அவருடைய மறதி கவலைப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டதால், நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “இது எப்போதிலிருந்து இருக்கிறது?” என்பதுதான். என் கணவர் சற்றும் தயங்காமல், “வீடு மாறியதிலிருந்து” என்றார். நானும் தலையசைத்தேன். தொலைபேசியில் கேட்டபோது நாத்தனாரும் அதையே சொன்னார். பழகிய வீட்டிலிருந்து அம்மாவைப் பெயர்த்துக்கொண்டு வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்ற எண்ணம் என் கணவரின் மனத்தில் வெகுநாளாக இருந்திருக்கிறது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டை விற்கும் முடிவை எடுத்தவர் அவர்.

அடுத்த முறை வரும்போது கவனித்தவற்றை எழுதிக்கொண்டு வரச் சொன்னார் மருத்துவர். அன்றிரவு நோட்டை எடுத்து, செப்டம்பரிலிருந்து முன்னோக்கித் தேடாமல் பின்னோக்கிப் படித்தேன். ஆகஸ்டில், “அத்தை அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டார்கள்” என்று இருந்தது. ஜூலையில், குழந்தை பிறந்த செய்தியை ஒரே மாலையில் மூன்று முறை புதிதாகக் கேட்டு மூன்று முறையும் மகிழ்ந்தார் என்று எழுதியிருந்தேன். அதை எழுதியபோது அவருடைய பூரிப்பாகவே எனக்குப் பட்டிருந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி, அழைப்பிதழில் எழுதுவதற்காகத் தம் தம்பியின் பெயரைச் சொல்ல வாயெடுத்துத் தடுமாறினார். மார்ச் 11-ஆம் தேதி, “அத்தை காலை மாத்திரை போட்டுக்கொண்டதை மறந்து மறுபடி கேட்டார்கள், இந்த வாரத்தில் இரண்டாம் தடவை.” அதற்கு முந்தைய பக்கங்களில் ஒன்றும் இல்லை.

மார்ச் மாதத்தில் வீடு மாறும் பேச்சே எழவில்லை. இந்த வரிகள் ஒவ்வொன்றையும் எழுதியவள் நான். எழுதிய நானே மருத்துவரின் முன்னால், “வீடு மாறியதிலிருந்து” என்பதற்குத் தலையசைத்தேன். நோட்டைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் மார்ச் மாதப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியென்றால் வீட்டினால் இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சந்திப்பில் மருத்துவர் அந்தத் தேதிகளைத் தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். மறதி திடீரென்று தோன்றியதா, சிறுகச் சிறுக வளர்ந்ததா என்பது காரணத்தைக் கண்டறிவதில் முக்கியமானது என்று விளக்கினார். பழகிய இடத்தில் கையும் காலும் பழக்கத்தாலேயே வேலை செய்துவிடுவதால் குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம் என்றும், புதிய இடம் அதை வெளிக்காட்டியிருக்கலாம் என்றும் சொன்னார்.

இதன் பிறகு நினைவைப் பற்றித் தேடிப் படித்தேன். வில்லெம் வாகெனார் என்ற டச்சு உளவியலாளர் ஆறு ஆண்டுகள் தம் வாழ்க்கையில் நடந்த 2,400 நிகழ்வுகளை யார், என்ன, எங்கே, எப்போது என்று நான்காகப் பிரித்து எழுதிவைத்து, பின்னர் தம் நினைவைத் தாமே சோதித்து, 1986-இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார். ‘என்ன’ என்ற குறிப்பைப் பார்த்தால் நிகழ்வு நினைவுக்கு வந்தது. ‘எப்போது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் ஏறத்தாழ எதையும் மீட்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. நிகழ்ந்தவை அனைத்தும் எல்லோருக்கும் நினைவிருந்தன. அவற்றின் வரிசை மட்டும் கலைந்து, பெரிய நிகழ்வு ஒன்றின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

நிகழ்வுகள் நெருங்கி வந்த ஆண்டுகளை நீங்கள் எவ்வாறு பதிந்துவைத்தீர்கள்? உதவியது எது, ஏமாற்றியது எது என்று எழுத வேண்டுகிறேன்.

இரு மகன்களின் தந்தை:

சகோதரிக்கு வணக்கம். தங்கள் பதிவைப் படித்ததும் என்னுடைய அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. 2019-இல் என் தந்தையார் காலமான 19-ஆம் நாள் என் இளைய மகன் பிறந்தான். அந்த நாள்களில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. செல்பேசியில் படங்கள் இருக்கின்றன, அவற்றிலேயே தேதியும் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து அவற்றை ஆல்பமாக்க உட்கார்ந்தபோது அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்று தெரிந்தது. கேமரா ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும், அது எடுக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் பதிவு செய்கிறது. ஆனால் செய்திச் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அந்தத் தகவலை நீக்கிவிடுகின்றன. உறவினர்கள் அனுப்பிய படங்களில் இருந்ததெல்லாம் எனக்கு அவை வந்துசேர்ந்த நாள்தான். அண்ணன் பயன்படுத்திய பழைய கேமராவில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்ததால், அப்பாவின் கடைசிப் படங்கள் பல ஆண்டுகளுக்கு முற்பட்டவை போல வரிசையின் தொடக்கத்தில் நின்றன. அச்சுப் படங்களை ஸ்கேன் செய்தவற்றில் ஸ்கேன் செய்த நாள் இருந்தது.

வரிசையை மீட்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்த அறிக்கையின் தேதியை ஓர் ஆணியாக வைத்துக்கொண்டேன். அப்பாவின் இடது கையில் ஊசிக்கட்டு இருக்கும் படங்கள் அதற்கு முன், இல்லாதவை அதற்குப் பின். சுவரில் தொங்கிய நாட்காட்டி இரண்டு படங்களில் தெரிந்தது. மருந்து ரசீதுகளைத் தேடி எடுத்தபோது அவற்றில் பாதி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் அந்தத் தாளில் அச்சு மங்கிவிடும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால், வாங்கிய அன்றே நகலெடுத்திருப்பேன்.

இப்போது என் வழக்கம் இது: உறவினர்களிடம் படத்தைக் கோப்பாக, அதாவது ஆவணமாக, அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன், அப்போது தகவல் அழிவதில்லை. முக்கியமான படங்களின் பெயரை 2024-03-11 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மாற்றுகிறேன். எந்தக் கணினியிலும் அவை காலவரிசையிலேயே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, அந்த நகல்களுள் ஒன்று வேறோர் இடத்தில் என்று வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் மேலாக, அன்றாடம் மூன்று வரி எழுதியிருந்தால் அந்த இரண்டு மாத உழைப்பு ஒரு மாலையில் முடிந்திருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பெயர் குறிப்பிட விரும்பாத உறுப்பினர்:

நான் ஐந்து ஆண்டுகளாக எழுதிவருகிறேன். எனக்கு நேர்ந்தது வேறு. 2021-இல் என் கணவரின் வேலை போயிற்று. அதே ஆண்டில் அவருக்கும் அவருடைய தம்பிக்கும் பேச்சு நின்றது. நாங்கள் சிறிய வீட்டுக்கு மாறினோம். மகள் பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றாள். மகன் நீந்தக் கற்றுக்கொண்டான். பிள்ளைகள் ஒருநாள் படிப்பார்களே என்று எண்ணி, மதிப்பெண்ணையும் நீச்சலையும் விரிவாக எழுதினேன், மற்றவற்றை விட்டுவிட்டேன்.

அண்மையில் அந்த நோட்டைப் படித்த என் மகள், “நாம் ஏன் வீடு மாறினோம் என்று இதில் இல்லையே, அம்மா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றபோது, எது எந்த மாதத்தில் நடந்தது என்பது எனக்கும் கணவருக்கும் இப்போது ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டேன். அவர் தம்பியோடு பேச்சு நின்றது வேலை போன பிறகு என்கிறார். அதற்கு முன்பே என்பது என் நினைவு. முன்பு என்றால் ஒரு கதை, பின்பு என்றால் வேறொரு கதை. யாரிடம் நியாயம் இருந்தது என்பதே அதனால் மாறிவிடுகிறது.

இப்போது கடினமானவற்றையும் எழுதுகிறேன். ஆனால் தீர்ப்பு எழுதுவதில்லை. “இன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை” என்று மட்டும் எழுதுகிறேன். ஏன் என்று நான் ஊகிப்பதை எழுதினால், பின்னாளில் அந்த ஊகம் உண்மை போல நின்றுவிடும் என்று அஞ்சுகிறேன். பிறருடைய துன்பத்தை அவர்கள் அறியாமல் எழுதிவைப்பது சரிதானா என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது. இழையைத் தொடங்கிய அம்மா தம் கருத்தைச் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஒரு குழந்தையின் தந்தை:

சுருக்கமாக ஒன்று. என் மகள் முதலடி எடுத்துவைத்ததை முழுக்கக் காணொளியாக எடுத்தேன். எனக்கு நினைவிருப்பது திரையில் தெரிந்த அந்தச் சதுரம் மட்டுமே. லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவற்றைக் காட்டிலும் படமெடுத்தவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று கண்டிருக்கிறார். ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கிப் படமெடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை. இதைப் படித்தபின், ஒரே ஒரு படம், அதுவும் கை அல்லது முகம் போன்ற ஒன்றை நெருக்கத்தில் எடுத்துவிட்டு, செல்பேசியைக் கீழே வைத்துவிடுகிறேன். மற்றதை அன்றிரவு எழுதுகிறேன்.

இழையைத் தொடங்கியவர்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. பெயர் குறிப்பிடாத சகோதரியின் கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. என் மாமியாரின் தடுமாற்றங்களை அவரிடம் கேட்காமலேயே நானும் எழுதியிருந்தேன். நோயைக் கண்டறிய அது உதவியது என்பது கேட்காமல் எழுதியதற்கு நியாயம் ஆகிவிடாது. எனவே சென்ற வாரம் அவர் தெளிவாக இருந்த ஒரு காலை நேரத்தில் அருகில் அமர்ந்து, நோட்டைக் காட்டி, இன்னின்னது எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டினேன். மார்ச் 11-ஆம் தேதி வரியைக் கேட்டதும் அவர் முகம் சற்று வாடிற்று. பிறகு, “எழுது. ஆனால் நான் சரியாகச் செய்ததையும் எழுது” என்றார். அந்த ஆண்டின் பக்கங்களைத் திரும்பப் பார்த்தேன். ஏப்ரலுக்குப் பின் அவரைப் பற்றிய வரிகளில் பெரும்பாலானவை அவர் மறந்தவற்றைப் பற்றியவையாகவே இருந்தன. அன்றிலிருந்து இரண்டையும் எழுதுகிறேன்.

சகோதரியின் வீட்டில் இருவரின் நினைவும் ஒத்துப்போகாத அந்த மாதங்களைப் பற்றி, ‘2024-இல் நினைவிலிருந்து எழுதியது’ என்ற குறிப்போடு இரண்டு நினைவுகளையும் அடுத்தடுத்து எழுதி, யாருடையது எது என்றும் குறித்துவைக்கலாம் என்பது என் கருத்து. மகள் இரண்டையும் படிக்கட்டும். இரு மகன்களின் தந்தை சொன்ன கோப்புப் பெயர் முறையைப் பார்த்து, பேத்தியின் படங்களை நேற்று முதல் என் கணவர் வரிசைப்படுத்தத் தொடங்கியிருக்கிறார்.

நேற்றைய வரி: “பேத்தி கட்டில் ஓரத்திலிருந்து நாற்காலி வரை ஐந்து அடி தனியாக நடந்தாள். அத்தை அவளை என் மகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். விழப்போனவளை முதலில் பிடித்தவர்கள் அத்தைதான்.”