ஃபோகஸ் ப்ரீத்திங்: 'ஓரநகர்வு'ன்னு வெச்சுக்கலாமா?

லென்ஸ்ல ஃபோகஸ மாத்துறப்ப ஃப்ரேம்ல தெரியுற காட்சியும் கொஞ்சம் அகலுறதோ இறுகுறதோ இருக்கே, அதுதான் ஃபோகஸ் ப்ரீத்திங். நம்ம அகராதிக்கு அதுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிட்டு இருக்கோம். அக்கா, அதுக்கு நீங்க சொன்ன 'விம்மல்' கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா எங்க ராயபுரத்துல விம்மல்னா அழுகைதான், அதையாவது பழகிக்கலாம், பெரிய சிக்கல் வேற இருக்கு. விம்முறதுன்னா பெருசாகுறது மட்டும்தானே? லென்ஸ் மொத்தமும் முன்னாடி தள்ளிப் போயி ஃபோகஸ் ஆகுற டைப்னா கிட்ட இருக்குற பொருளுக்கு வரும்போது காட்சி இறுகும், உள்ளுக்குள்ளயே கண்ணாடி நகர்ற லென்ஸ் பலதுல கிட்ட வர வர குவியத் தொலைவு (ஃபோக்கல் லெங்த்) குறைஞ்சு காட்சி அகலும். ரெண்டுக்கும் பொருந்துற சொல் வேணும்.

அண்ணன் போட்ட 'குவிய மூச்சு' கேட்டா லென்ஸ் வாங்கப் போற பையனுக்கு எதைப் பாக்கணும்னே புரியாது. கண்ணுக்கு என்ன தெரியுதோ அதையே பேரா வெப்போம்னுதான் சொல்றேன்.

காசிமேட்டுல விடிகாலை மீன் ஏலத்தை ஷூட் பண்றோம்னு வெச்சுக்குங்க. முன்னாடி கூடையில வஞ்சிரம், பின்னாடி விசைப்படகு. கேனான் க்ராப் பாடியில, அதாவது சென்சார் சின்னதா இருக்குற கேமராவுல, 50 எம்எம் 1.8 லென்ஸ் போட்டா ஃபுல் ஃப்ரேம்ல 80 எம்எம் போட்ட அளவுக்கு நெருக்கமான ஃப்ரேம், அதனால ஓரத்துல இருக்குற ஒவ்வொண்ணும் முக்கியம். ட்ரைபாட் ஆடல, ஜூமும் இல்ல, மீனோட கண்ணுல இருந்து படகு நம்பருக்கு ஃபோகஸ் ரிங்க மட்டும் திருப்புறோம். இடது ஓரத்துல பாதி வெட்டுப்பட்டிருந்த ஐஸ் பெட்டி இன்னும் கொஞ்சம் உள்ள வருது, வலது ஓரத்துல நிக்கிறவரோட லுங்கியும் உள்ள வருது. ஸ்டில்லுல இது யாருக்கும் தெரியாது, ஒரே நொடிதானே. 2008ல நிக்கான் டி90யும் கேனான் 5டி மார்க் 2வும் வந்தப்புறம்தான் ஸ்டில் லென்ஸ்ல வீடியோ எடுக்குறது பரவுச்சு, அதுக்கு முன்னாடி இது சினிமாக்காரங்க கவலையா மட்டும் இருந்துது.

ஓரம் நகருதுன்னா கேமராவத் திருப்புற பேனிங்னு நினைச்சுப்பாங்களேன்னு கேட்டீங்க, நியாயமான கேள்வி. பேனிங்ல ரெண்டு ஓரமும் ஒரே பக்கம் போகும், இதுல எதிரெதிரா போகும். அதனால அகராதியில முழுசா 'குவிப்பு ஓரநகர்வு'ன்னு போட்டுடலாம், பேசுறப்ப 'ஓரநகர்வு' போதும். 'குவியம்' வேணாம், பள்ளிக்கூட இயற்பியல்ல அது ஒளி சேர்ற புள்ளி, குவியத் தொலைவுன்னும் ஊறிப்போச்சு. ஃபோகஸ் பண்ற வேலைக்கு 'குவிப்பு' தனியா இருந்தாதான் குழப்பம் தீரும்.

அடுத்த சொல்லு: ஜூம் பண்ணாலும் ஃபோகஸ் விலகாத லென்ஸுக்கு (பார்ஃபோக்கல்) 'நிலைக்குவிப்பு ஜூம்'னு தம்பி சொன்னது எனக்கு முழு சம்மதம். ஸ்டில் ஜூம்ல பெரும்பாலானது அப்படி நிக்காது, அதனால இந்தச் சொல் கட்டாயம் வேணும்.

அகராதிக் குறிப்புல ஓரநகர்வ சோதிக்கிற வழியும் சேத்துடுங்க: கேமராவ ட்ரைபாட்ல மாட்டி, டைல்ஸ் ஒட்டின சுவர ஃப்ரேம்ல வெச்சு, அப்பர்ச்சர, அதாவது லென்ஸ் துளைய, எஃப் 16க்கு இறுக்கி (அப்பதான் ஃபோகஸ் போனாலும் கோடு தெரியும்), ரிங்க இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் திருப்பி ரெக்கார்ட் பண்ணணும். ஓரத்துல எத்தனை டைல் வருது போகுதுன்னு எண்ணினா ரெண்டு லென்ஸ சுலபமா ஒப்பிடலாம். மாத்துக் கருத்து இருந்தா இந்த வாரத்துக்குள்ள எழுதுங்க, இல்லன்னா 'குவிப்பு ஓரநகர்வு'ன்னே பதிவேத்திடலாம்.